மில்லிக்கனில் சோளப் பெற்றோல்

1

இங்கே பெற்றோலைக் காஸ் என்கிறார்கள். ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு இதை முதலே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் வேலை செய்யும் இடத்தைச் சமையல் வாயு விற்கும் கடை என்று நினைத்துவிடுவீர்கள். பதினேழு வருடம் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பித்தவள் நான். கண்முன்னே குழாயால் ஒழுகும் ஒரு திரவத்தை வாயு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் வருடம் முழுக்கப் பெற்றோல் என்றே சொன்னேன். வாடிக்கையாளர்கள் ஒருவர் மாறி ஒருவர் திருத்தினார்கள். இரண்டாம் வருடம் நானும் காஸ் என்று சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு யாரும் அதைக் கவனிக்கவில்லை, என்னைத் தவிர.

ரொறன்ரோவின் வடக்கு ஓரத்தில், மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட, ஒரு சின்னக் காஸ் ஸ்ரேசன். ஒரு பக்கம் டோனற் கடை, மறுபக்கம் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடை. நடுவில் கண்ணாடிக் கூண்டு. காலை ஆறு மணியிலிருந்து பகல் இரண்டு மணிவரை அதற்குள் நான். காசு வாங்கி, மிச்சம் கொடுத்து, பம்பைத் திறந்துவிடும் வேலை. கூண்டின் ஓட்டை வழியாக ஒரு நாளில் எத்தனையோ பேரோடு கதைப்பேன். இரண்டு மணிக்கு வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, அன்று யாரோடும் கதைக்கவில்லை என்றுதான் தோன்றும்.

ரொறன்ரோவில் வந்து இறங்கி ஐந்து வருடம் நிறைந்த கிழமையில் பம்புகளை இரண்டு நாள் மூடினார்கள். மூன்றாம் நாள் போனபோது ஒவ்வொரு பம்பிலும் ஒரு பச்சை ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. அதில் ஒரு சோளப்பொத்தி, இரண்டு இலை. முதலாளி லாஸ்லோ கூண்டுக்குள் வந்து ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரத்தை மேசையில் வைத்தார். அவர் ஹங்கேரியிலிருந்து சின்ன வயதில் அகதியாக வந்தவர். இப்போது தாய்மொழி மறந்துவிட்டது என்று ஒருமுறை சொன்னார், குடையை எங்கோ விட்டுவிட்டேன் என்பதுபோல.

இனிமேல் நாங்கள் விற்கும் காஸில் பத்தில் ஒரு பங்கு சோளத்திலிருந்து எடுத்த எதனோல் என்றார். வாடிக்கையாளர்கள் பயப்படுவார்கள், பாதிப்பேர் உன்னுடைய ஆட்கள், அவர்களுக்கு நீதான் விளங்கப்படுத்த வேண்டும் என்றார். உனக்கு இது விளங்குமா என்றும் கேட்டார்.

விளங்கும் என்றேன். ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் ஒருவர் என்னிடம் கேட்ட முதலாவது இரசாயனவியல் கேள்வி அது.

2

அந்தத் துண்டுப்பிரசுரத்தை பஸ்ஸில் வாசித்து முடித்தேன். ஆங்கிலம் பேசத்தான் எனக்குத் தடை, வாசிக்கத் தடையில்லை. சோளத்தின் மாப்பொருள் வெல்லமாகிறது, மதுவம் அதை நொதிக்கச் செய்கிறது, பிறகு காய்ச்சி வடிக்கிறார்கள். உயர்தர வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிய அதே சமன்பாடு, அம்புக்குறிக்கு மேல் ஒரு சோளப்பொத்திப் படத்தோடு.

படிப்பித்த பெண் ஏன் கூண்டுக்குள் இருக்கிறாள் என்று நீங்கள் கேட்பீர்கள். பட்டத்தை மதிப்பிடும் அலுவலகம் ஒன்று இங்கே இருக்கிறது. என் பெறுபேறுகளைப் பல்கலைக்கழகமே உறையில் இட்டு, முத்திரை குத்தி, நேரே தங்களுக்கு அனுப்ப வேண்டும் என்றது. நான் எழுதினேன். ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து கிடந்த காலம் அது. உறை வரவில்லை. என் கையிலுள்ள மூலப்பிரதியைக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பெண் அதை விரலால்கூடத் தொடாமல், இது உங்களிடம் இருப்பதால் ஏற்க முடியாது என்றாள். என்னுடைய பட்டம் என்னிடம் இருப்பதுதான் குற்றம். நாலாவது கடிதத்தில், பதில் கிடைக்காததால் கோப்பை மூடிவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். யாருடைய பதில் என்று எழுதவில்லை.

ஆகவே கூண்டுக்குள் இருந்து படிப்பித்தேன். ரக்சி ஓடுகிற எங்கள் பெடியள், வெயர்ஹவுஸ் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வருகிற தாய்மார், எல்லாரும் ஸ்ரிக்கரைப் பார்த்துவிட்டு ஓட்டையடியில் குனிந்தார்கள். நிலத்துக்குக் கீழே கிடக்கிற எண்ணெய் ஒருமுறை எரித்தால் முடிந்தது, சோளம் வருடா வருடம் முளைக்கும் என்றேன். இந்தக் கோடையில் பயிர் காற்றிலிருந்து எடுத்த காபனைத்தான் கார் திருப்பிக் காற்றுக்குக் கொடுக்கிறது, வருகிற கோடையில் வருகிற பயிர் அதை மறுபடி எடுக்கும் என்றேன். எதனோலுக்குள்ளேயே ஒட்சிசன் இருப்பதால் எரிவது முழுமையாக எரியும், நஞ்சுப் புகை குறையும், எஞ்சின் தட்டுவதும் குறையும். பனிக்காலத்தில் காரின் எண்ணெய் ராங்குக்குள் ஊறும் ஈரம் உறைந்து குழாயை அடைக்காது, எதனோல் அந்தத் தண்ணீரைத் தன்னோடு கலந்து கொண்டுபோய்விடும். கடைசியாகச் சொன்னதுதான் ரக்சிக்காரருக்குப் பிடித்தது. பனிக்காலத்தில் ராங்குக்குள் ஊற்றுவதற்கென்று அவர்கள் வாங்கும் மருந்துப் போத்தல் இனித் தேவையில்லை.

வயலை உழுகிற ட்ராக்டருக்கும் உரத்துக்கும் எண்ணெய் செலவாகிறது, ஆகவே கணக்கு அவ்வளவு சுத்தமில்லை என்பது எனக்குத் தெரியும். துண்டுப்பிரசுரம் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கேள்வி கேட்கப்படுவதன் சுகத்தில் இருந்தேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் தம்பிமுத்து அண்ணை. மட்டக்களப்புப் பக்கத்தவர், அறுபதை நெருங்கியவர். மனைவியும் மகளும் ஊரில். இவர் எங்கள் ஸ்ரேசனுக்குப் பின்தெருவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ரில், நிலத்துக்குக் கீழான அறையில், தனியே இருந்தார். நகரத்துக்கு அந்தப் பக்கம், பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கும் வேலை, ஏஜென்சி மூலம் கிடைத்தது. அவ்வளவு தூரமும் ஒரு பதினைந்து வருடப் பழைய காரில் போய்வந்தார். ஸ்ரிக்கரைப் பார்த்து, தங்கள் பக்கத்தில் இதைச் சோளன் என்பார்கள், காடு வெட்டிச் சேனை செய்து சோளன் போட்டவன் நான் என்றார். நான் முன்பு படிப்பித்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை டீச்சர் என்று கூப்பிடுபவர் அவர் ஒருவர்தான்.

"தின்னுற சாமான எரிக்கிறதா, டீச்சர்?" என்று கேட்டார்.

அவர் பசியைக் கண்டவர். அந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது.

"இது மாட்டுக்குப் போடுற சோளம் அண்ணை. மாப்பொருளைத்தான் எடுக்கினம். மிச்சச் சத்து முழுக்கத் திரும்ப மாட்டுக்குத்தான் போகுது," என்றேன்.

அவர் போய் ராங்கின் மூடியைத் திறந்தார். பிறகு, நீங்கள் சொன்னால் சரி என்று சொல்லி ராங்கை நிரப்பினார்.

3

தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குப் பெற்றோல் தடையைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: போர்க் காலம், அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் வர விடவில்லை.

என் கணவர் வாடகைக் கார் ஓடினார். பழைய இங்கிலாந்துக் கார், எங்கள் கலியாணத்துக்கு முன்பே அவரிடம் இருந்தது. தடை வந்தபின் ஊரிலுள்ள எல்லாக் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் குளிர்ந்த எஞ்சின் ஸ்ரார்ட் ஆகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். காபுறேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெருவெல்லாம் வெள்ளைப் புகை. சேலையில், தலைமயிரில், சோற்றில்கூட அந்த மணம் இருந்தது.

எஞ்சின் பாழாகிவிடும், இது முழுசாக எரியாது என்று நான் அவருக்கு விளக்கியிருக்கிறேன். அவர் சிரிப்பார். எஞ்சினுக்கு இரசாயனவியல் தெரியாது, அதனால்தான் ஓடுகிறது என்பார். அவருடைய கார் கர்ப்பிணிகளை ஏற்றியது, காயப்பட்டவர்களை ஏற்றியது, ஒருமுறை ஒரு மாப்பிள்ளையை ஏற்றி வழியில் நின்றது. மாப்பிள்ளை இறங்கித் தள்ளினார்.

இங்கே பம்பில் கைவைத்தவுடன் காஸ் வருகிறது. யாரும் துளி எண்ணுவதில்லை. ராங்க் நிரம்பி வழிந்து நிலத்தில் கொட்டினால் மணல் போட்டுக் கூட்டிவிட வேண்டும் என்பது என் வேலைகளில் ஒன்று. முதல் தடவை கூட்டியபோது அது எத்தனை சின்னப் போத்தல் என்று எண்ணினேன்.

4

மகள் தர்சினிக்கு வயது பதினைந்து. வந்தபோது பத்து. ஆங்கிலம் அவளுக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் தமிழில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் வந்தது, அப்படியே நின்றுவிட்டது.

அந்த மாரியில் அவளுடைய விஞ்ஞான வகுப்பில், தீர்ந்துபோகாத சக்திகள் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. துண்டுப்பிரசுரத்தை அவளுடைய மேசையில் வைத்தேன். எதனோலைப் பற்றி எழுது, நான் சொல்லித் தருகிறேன், சமன்பாடு எல்லாம் சரியாக வரும் என்றேன்.

"I'm good, அம்மா," என்றாள்.

நல்ல பிள்ளைதான், அதற்கென்ன என்று நினைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் அது வேண்டாம் என்பதற்கு இங்கே சொல்லும் சொல் என்று விளங்கியது. அவள் சூரிய சக்தியைப் பற்றி எழுதினாள். நல்ல புள்ளி கிடைத்தது. சோளத்தின் படம் போட்ட துண்டுப்பிரசுரம் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் கிடந்தது.

5

தை மாதத்தில், மூக்கு மயிர் உறைகிற குளிர் நாளொன்றில், தம்பிமுத்து அண்ணையின் கார் நெடுஞ்சாலையில் நின்றது. காலை வேலைக்குப் பிறம்ரன் போகும் வழியில் இரண்டு முறை இழுத்து, மூன்றாம் முறை செத்துவிட்டது. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு விலகிப் போயிருக்கிறது. ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, இழுக்கிற வண்டி வரும்வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நின்றிருக்கிறார். அந்த ஏஜென்சி அவரை அடுத்த நாளிலிருந்து கூப்பிடவில்லை.

அவர் இரண்டு நாள் கழித்துப் பகல் நேரம் நடந்து வந்தார். குளிர் பட்ட காது இரண்டும் கறுத்து, தோல் உரிந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு ரக்சிக்காரர் தங்கள் காரும் இழுக்கிறது என்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் வெளியே நின்று மற்றவரிடம் என்னைக் காட்டி, உந்தச் சோளக்காரியின் கதையைக் கேட்டுத்தான் இந்தக் காஸ் அடித்தேன் என்று சொன்னது கண்ணாடிக்குள்ளால் கேட்டது. இவரும் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

அவர் ஓட்டையடியில் குனிந்தார்.

"நீங்க சொன்னதாலதான் அடிச்சன் டீச்சர். பிழை பிடிக்க வரல்ல. ஏன் நிண்டதெண்டு தெரிஞ்சா நல்லம்."

திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்த இரண்டு சொல்லையும் நான் அந்தக் கூண்டுக்குள் இருந்து அதற்கு முன் சொன்னதில்லை.

இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் அவரோடு கராஜுக்குப் போனேன். கார் அங்கேதான் நின்றது. கராஜ் வைத்திருந்தவர் குகன், எங்கள் ஊர்ப் பெடியன், இங்கேயே தொழில் படித்தவர். காரைத் தூக்கி, கீழே புகுந்து, காஸ் போகும் குழாயிலிருந்த வடிகட்டியை, பில்ரரை, கழற்றிக்கொண்டு வந்தார். ஒரு பழைய பேப்பரில் அதைத் தட்டினார். துரும்பும், மண்ணிறப் பசையும், தேயிலைச் சக்கை போல ஏதோவும் கொட்டுண்டன.

"காஸில பிழையில்லை அக்கா. பதினைஞ்சு வருசமா ராங்குக்க கிடந்த ஊத்தையை இது கழுவிக்கொண்டு வந்து இதில அடைச்சுப்போட்டுது. பழைய காருக்கு ஒருக்கா இப்பிடி வரும். பில்ரரை மாத்தினாச் சரி, பிறகு வராது," என்றார்.

எதனோல் ஒரு அற்ககோல், அது பசையைக் கரைக்கும். மேசையில் ஒட்டிய பிசினை எதனால் துடைப்பது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றைப் பழைய காரோடு சேர்த்து நினைக்க நான் மறந்துவிட்டேன். அந்தக் கூண்டில் சமன்பாடு சொன்னேன், பில்ரரைச் சொல்லவில்லை. ஒரு மனிதர் அதனால் குளிரில் நின்றார், வேலை இழந்தார்.

தம்பிமுத்து அண்ணை பேப்பரில் கிடந்த ஊத்தையை விரலால் கிளறிப் பார்த்தார். வாய்க்காலில் புதுத் தண்ணி வந்தால் முதலில் குப்பைதான் வரும் என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். என்னால் அவருடைய காதுகளைப் பார்க்க முடியவில்லை.

6

இனி எழுதப்போவதை இங்கே நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மகளுக்கும் சொன்னதில்லை. ஊரில் வாசிப்பவர்களில் என்னைத் தெரிந்தவர்கள் இருந்தால், அவர்களுக்கு அரைவாசி தெரியும்.

தடைக் காலத்தில் எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு போத்தல் எதனோல் மிஞ்சியிருந்தது. அரைப் போத்தல். அதைப் பூட்டி வைத்திருந்தேன், திறப்பு என் கைப்பையில். உயர்தர வகுப்பில் பதினொரு பிள்ளைகள். அவர்களுடைய செய்முறைப் பரீட்சைக்கு அது வேண்டும். வேறு எங்கும் கிடைக்காது. ஒரு நாள் சாப்பிடும்போது கணவர் கேட்டார், கிளப்புகிற பெற்றோல் முடிந்துவிட்டது, உன்னிடம் உள்ளதில் ஒரு சோடாப் போத்தலில் காற்பங்கு தருவாயா என்று.

அது பிள்ளைகளின்ர, என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. கோபமும் இல்லை. வேறு கதைக்குப் போய்விட்டார்.

ஒரு கிழமை கழித்து, விடுமுறை நாள், பகல் பன்னிரண்டு மணியளவில், நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்று விறாந்தையில் இருந்தார். வேர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து காரைக் கிளப்பப் பார்த்தார். மண்ணெண்ணெய் மட்டும்தான் இருந்தது, எஞ்சின் இருமியதே தவிரக் கிளம்பவில்லை. நான் திறப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பாடசாலைக்குப் போனேன். போக வர முக்கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். போத்தலைக் கொண்டுவந்து காபுறேற்றருக்குள் விட்டேன். எவ்வளவு விடுவது என்று எனக்குத் தெரியும். ஒரே இழுவையில் கார் கிளம்பியது. அந்த எஞ்சின் அவ்வளவு சுத்தமாக ஓடி நான் கேட்டதில்லை. புகையே இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிட்டப் போகும்போது அவர் என் மடியில் அடங்கிவிட்டார்.

அந்த முக்கால் மணித்தியாலம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வைத்தியர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. பிள்ளைகள் பரீட்சையை மீதியிருந்ததை வைத்துச் செய்தார்கள். போதுமானதாக இருந்தது. ஒரு சோடாப் போத்தலில் காற்பங்கு கொடுத்திருந்தாலும் போதுமானதாக இருந்திருக்கும்.

தர்சினி அப்போது சின்னப்பிள்ளை. ஒன்பதாம் வகுப்பில் என்னுடைய நாடு என்று ஒரு கட்டுரை எழுதினாள். பெற்றோல் இல்லாததால் என் அப்பா இறந்தார் என்று அதில் ஒரு வசனம் இருந்தது. ஆசிரியர் அதன் பக்கத்தில், நெஞ்சைத் தொடுகிறது என்று சிவப்பு மையால் எழுதியிருந்தார். நான் அந்தக் கட்டுரையை இரண்டு முறை வாசித்துவிட்டு அவளுடைய பைக்குள் வைத்தேன். பிழை ஒன்றும் இல்லை என்றேன்.

7

கராஜிலிருந்து வந்த அடுத்த நாள் காலை, பழைய பெட்டியொன்றின் மட்டையை வெட்டித் தமிழில் எழுதினேன். உங்கள் கார் பழையதானால், இந்தக் காஸ் இரண்டு முறை அடித்தபின் காஸ் பில்ரரை ஒருக்கா மாற்றுங்கள், இல்லாவிட்டால் வழியில் நிற்கலாம், மாற்றியபின் பயமில்லை. அதைக் கூண்டின் கண்ணாடியில், என் முகத்துக்கு நேரே ஒட்டினேன்.

லாஸ்லோ பத்து மணிக்கு வந்தார். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். முகம் சிவந்தது. ஆட்களைப் பயப்படுத்தவா உன்னை வைத்திருக்கிறேன், இதை எடு என்றார். எடுக்கமாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. காஸ் நல்லது, பழைய ராங்க்தான் கூடாது, சொல்லாமல் விட்டது என் பிழை என்று மூன்று துண்டாகச் சொன்னேன். ஒரு ஆள் நெடுஞ்சாலையில் குளிரில் நின்றார் என்று நாலாவது துண்டையும் சொன்னேன். அவர் வெளியே போய் ஒரு சிகரெட் முடியும்வரை நின்றார். திரும்பி வந்து, பெற்றோல் பம்பில் நிற்பவர்கள் எல்லாரும் தமிழரில்லை, இங்கிலீஷிலும் எழுது என்று சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு காலத்தில் அவர் வாயில் பெற்றோல் என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். என் முதல் வருடத்தில் என்னிடமிருந்து தொற்றியிருக்கும் போல.

ஆங்கிலத்தில் எழுதியதைத் தர்சினியிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. நாலு வசனத்தை இரண்டாக்கி, பாடசாலைக் கொம்பியூற்றரில் பெரிய எழுத்தில் அடித்துக்கொண்டு வந்தாள். பிறகு ஒப்பிடுவதற்காக நான் வைத்திருந்த தமிழ்ப் பிரதியை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். மாற்றுங்கள் என்பதில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"அம்மா, you found this out yourself?"

குகன் கண்டுபிடித்தது, நான் போய்க் கேட்டது என்றேன். அவள் தலையாட்டினாள். இன்னும் ஏதோ கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். ரெலிபோன் அடித்தது. யாரோ சிநேகிதி. கதவைச் சாத்திக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். எனக்கு எதிரில் இரண்டு மொழியிலும் அந்த அறிவித்தல் கிடந்தது.

ரக்சிக்காரர் பில்ரர் மாற்றினார்கள். சத்தம் அடங்கியது. கொஞ்ச நாளில் எல்லாரும் மறந்துபோனார்கள், கேள்வி கேட்பதும் நின்றது. நல்ல எரிபொருளைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. தம்பிமுத்து அண்ணைக்கு வேலை கிடைக்கப் பங்குனி ஆகிவிட்டது. மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில். கார் பிறகு நிற்கவில்லை. வேலையிடத்துக்குக் கிட்டவே வேறு ஸ்ரேசன் இருந்தும் எங்களிடமே வந்து அடித்தார். பனிக்காலம் முழுவதும் ஒரு நாள்கூடக் குழாய் உறையவில்லை என்று, நான் கேட்காமலே, ஒவ்வொரு கிழமையும் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

8

ஐப்பசியில் இந்தக் காஸ் விற்கும் ஸ்ரேசன்களில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சுற்றுலா ஒழுங்கு செய்தார்கள். தென்மேற்கே மூன்று மணித்தியால ஓட்டத்தில், சோள வயல்களுக்கு நடுவே, எதனோல் எடுக்கும் தொழிற்சாலை. ஆளுக்கு ஒருவரைக் கூட்டிவரலாம். தர்சினியைக் கேட்டேன். அன்று சனிக்கிழமை, சிநேகிதிகளோடு மோலுக்குப் போகவேண்டுமாம். I'm good என்றாள். இந்தமுறை எனக்கு உடனே விளங்கியது.

தம்பிமுத்து அண்ணையைக் கேட்டேன். படிவத்தில் உறவுமுறை என்று ஒரு பெட்டி இருந்தது. கணவன், பிள்ளை, பெற்றோர், வேறு. வேறு என்பதில் புள்ளடி போட்டு, பக்கத்திலிருந்த கோட்டில் வாடிக்கையாளர் என்று எழுதினேன்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் இருந்தார். நகரம் முடிந்ததும் இரண்டு பக்கமும் சோளம்தான், காய்ந்து, பழுப்பாகி, அறுவடைக்கு நின்றது. சில வயல்களில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு காணியில் ஒரு மனுசரையும் காணவில்லையே என்று அவர் இரண்டு முறை சொன்னார். தொழிற்சாலை வாசலில் லொறியிலிருந்து சிந்திக் கிடந்த மணிகளில் இரண்டைப் பொறுக்கி வாயில் போட்டுக் கடித்தார்.

"மாட்டுச் சோளன்தான், டீச்சர். நீங்க சொன்னது சரி."

உள்ளே புளித்த மா மணம். பாணுக்குப் பிசைந்து வைத்த மாவும் கள்ளும் சேர்ந்தாற்போல. வீடு உயரத் தாங்கிகள், வடிக்கும் கோபுரங்கள், மிச்சச் சக்கையை மாட்டுத் தீனியாக உலர்த்தும் பெரிய உருளைகள். வழிகாட்டிய இளைஞன் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனான். அவன் சொல்ல முன்பே எனக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. நடுவில் அவனுடைய வசனங்களை மற்றவர்களுக்குக் கேட்காமல் தமிழில் நான் முடித்து வைத்துக்கொண்டு போனேன். தம்பிமுத்து அண்ணை மட்டும் தலையாட்டினார்.

கடைசியில் ஒரு நீண்ட நடைக்கூடத்தில் நடத்திக்கொண்டு போனார்கள். ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் ஆய்வுகூடம். மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, கோப்பி வைத்திருக்கும் அறைக்குப் போய்விட்டார்கள். நான் நின்றேன்.

உள்ளே என் வயதுப் பெண் ஒருத்தி, வெள்ளை மேலங்கியோடு, தனியே நின்றாள். நரைத்த தலைமயிரைப் பின்னால் முடிந்திருந்தாள். ஒரு அளவுச்சாடியில் எதையோ வார்த்து மேசையில் வைத்தாள். ஒடுங்கிய சாடியில் திரவத்தின் மேற்பரப்பு தட்டையாக நிற்காது, நடுவில் பிறை போல வளைந்து நிற்கும். அந்தப் பிறையின் அடியைத்தான் வாசிக்க வேண்டும், அதற்குக் கண் அதே மட்டத்துக்கு வரவேண்டும். சாடியைத் தூக்கக்கூடாது, நாங்கள்தான் பணிய வேண்டும். பதினேழு வருடம் எத்தனையோ பெண் பிள்ளைகளின் தோளில் கைவைத்து அமர்த்தி, இன்னும் பணி, இன்னும் கொஞ்சம் என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் முழங்காலை மடித்து, ஒரு கண்ணை மூடி, மெல்லப் பணிந்தாள். என் முழங்கால்களும் மடிந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், குளிர் ஜக்கெற்றும் கைப்பையுமாக, நானும் அவளோடு பணிந்து நின்றேன். சாடியில் திரவம் தெரிந்தது. கோடுகள் தெரிந்தன. இலக்கம் தெரியவில்லை. அவள் நிமிர்ந்து, கொப்பியில் ஒரு இலக்கத்தை எழுதிவிட்டு, விளக்கை அணைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

என்னைத் தேடிக்கொண்டு தம்பிமுத்து அண்ணை திரும்பி வந்தார். நான் இன்னும் நிமிரவில்லை.

"என்ன டீச்சர், முழங்கால் நோகுதா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.